பச்சை வட்டங்கள்: ஆன்லைன் பள்ளியின் துணையோடு வீட்டுக்கல்வி நடத்திய ஒரு கிறிஸ்தவக் குடும்பம்

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. முப்பத்தொரு வருடம் பள்ளியில் கணக்கும் அறிவியலும் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். வீட்டுக்கல்விக்கு ஆதரவாகப் பேசியதும் இல்லை, எதிர்த்து எழுதியதும் இல்லை. எங்கள் சபையில் ஒரு குடும்பம் மூன்று பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து நிறுத்தி, ஒரு கிறிஸ்தவ ஆன்லைன் பள்ளியில் சேர்த்து வீட்டிலேயே படிக்க வைக்க முடிவு செய்தது. "டீச்சர், மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்க. சரியாப் போகுதான்னு நீங்கதான் சொல்லணும்" என்று அந்த அம்மா கேட்டார். போனேன். இரண்டு கல்வியாண்டுகள் போனேன், ஒவ்வொரு முறையும் குறிப்பு எழுதி வைத்தேன். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். பள்ளியின் பெயரும் வேண்டாம்.

தொடங்கும்போது மூத்த பெண்ணுக்கு 14 வயது, நடுப்பையனுக்கு 11, கடைக்குட்டிக்கு 6. அப்பாவுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாடு மாற்றும் வேலை. அம்மா வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார்.

ஏன் இந்த முடிவு என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். அப்பா வேதாகமத்தில் உபாகமம் ஆறாம் அதிகாரத்தைச் சொன்னார்: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பிள்ளைகளுக்கு வசனத்தைப் போதிக்க வேண்டும் என்கிற இடம். அம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. "ஒவ்வொரு ஊர் மாறும்போதும் நடுவுலவன் ஒரு படி கீழே இறங்குறான் டீச்சர். டீச்சருங்க அவன் பேரைக் கத்துக்கறதுக்குள்ள நாங்க கிளம்பிடறோம்" என்றார். இரண்டுமே நியாயமான காரணங்கள்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு காரணங்கள் என்பதை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. முதல் வருடத்தின் குழப்பம் பாதி இங்கிருந்து வந்தது. (உபாகமம் சொல்லும் உட்காருவதும் எழுந்திருப்பதும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் உண்டுதானே என்று கேட்க வாய் வந்தது. முதல் நாளே எதற்கு என்று விட்டுவிட்டேன்.)

சட்டமும் சான்றிதழும்

சட்ட விஷயத்தில் அப்பா கவனமாக இருந்தார், அதைப் பாராட்ட வேண்டும். வீட்டுக்கல்வி எல்லா நாட்டிலும் செல்லாது. ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்குப் போயே தீர வேண்டும். அங்கே மத நம்பிக்கையைக் காரணம் காட்டிய பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2006இல் கொன்ராட் குடும்பமும் 2019இல் வுண்டர்லிஷ் குடும்பமும் தோற்றுத்தான் திரும்பின. சுவீடனில் 2011இல் நடைமுறைக்கு வந்த சட்டம் மிக அபூர்வமான சூழ்நிலைக்கு மட்டுமே இடம் தருகிறது. அமெரிக்காவில் 1993க்குள் 50 மாநிலங்களிலும் சட்டப்படி சரி என்றாகிவிட்டது, ஆனால் விதிகள் ஒன்று போல இல்லை. டெக்சாஸில் யாருக்கும் தகவல்கூடச் சொல்ல வேண்டியதில்லை, நியூயார்க்கில் வருடத் திட்டமும் காலாண்டு அறிக்கையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நாடு மாறும் குடும்பத்துக்கு இது ஒருமுறை பார்த்து முடிக்கிற வேலை இல்லை. ஒரு நாட்டின் ஆன்லைன் பள்ளியில் பெயர் இருக்கிறது என்பதற்காக இன்னொரு நாட்டின் அதிகாரி அதைப் பள்ளி என்று ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் கிடையாது.

சறுக்கியது அங்கீகாரத்தில். பள்ளியின் விளம்பரத்தில் ஒரு பெரிய கிறிஸ்தவப் பள்ளிகள் சங்கத்தின் முத்திரை இருந்தது. அதைப் பார்த்து அங்கீகாரம் பெற்ற பள்ளி என்று நினைத்துவிட்டார்கள். ஏழு மாதம் கழித்து, மூத்தவளுக்கு மேல்படிப்பு விசாரிக்கும்போதுதான் தெரிந்தது, அந்தப் பள்ளி சங்கத்தில் உறுப்பினர் மட்டுமே. சந்தா கட்டினால் உறுப்பினர் ஆகிவிடலாம். அங்கீகாரம் என்பது வெளியாட்கள் வந்து பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி, மதிப்பெண் போடும் முறை, கணக்குவழக்கு எல்லாவற்றையும் சோதித்து, சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி சோதித்துத் தருவது. காக்னியா போன்ற அமைப்புகள் செய்வது அந்த வேலை. பள்ளி பொய் சொல்லவில்லை, இவர்கள்தான் கேட்கவில்லை. இனி யார் கேட்டாலும் நான் சொல்லும் முதல் யோசனை: முத்திரையைப் பார்க்காதீர்கள், முத்திரை தந்த அமைப்பின் பட்டியலில் பள்ளியின் பெயர் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள்.

மூன்று திரைகள், ஒரு அம்மா

முதல் பருவத்தில் மூன்று பிள்ளைகளும் முழுநேர மாணவர்கள். மூத்தவளுக்கு நேரடி வகுப்புகள். நடுவிலவனுக்குப் பாதி நேரடி வகுப்பு, பாதி பதிவு செய்த வீடியோ. கடைக்குட்டிக்கு எல்லாமே வீடியோ. பள்ளி இருப்பது வேறொரு நேர மண்டலத்தில். அதனால் பெரியவர்கள் இருவருக்கும் வகுப்பு மதியம் தொடங்கி இரவு எட்டு வரை நீண்டது.

எட்டு மணி என்பது அந்த வீட்டில் குடும்ப ஜெப நேரம். முதல் வாரம் எட்டரைக்குத் தள்ளினார்கள். அடுத்த வாரம் ஒன்பது. அதற்குள் சின்னவன் தூங்கிவிடுவான், மூத்தவளுக்கு நாளைக்குள் அனுப்ப வேண்டிய அசைன்மென்ட் இருக்கும். ஒன்றரை மாதத்தில் அது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாகிவிட்டது. யாரும் உட்கார்ந்து எடுத்த முடிவு இல்லை அது. பிள்ளைகள் வசனத்தோடு வளர வேண்டும் என்று பள்ளியை விட்டு வந்த குடும்பத்தில், பழைய பள்ளி நாட்களில் தினமும் நடந்த ஜெபம் நின்றுபோனது. இதை நான் சுட்டிக்காட்டியபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

நவம்பரில் அந்த அம்மாவிடம் ஒரு வாரத்துக்கு அரைமணிக்கு ஒருமுறை என்ன செய்தார் என்று எழுதி வைக்கச் சொன்னேன். ஐந்து நாளில் பிள்ளைகளின் படிப்புக்காக 31 மணி நேரம் செலவழித்திருந்தார். அதில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது கற்றுக்கொடுத்த நேரம் இரண்டே முக்கால் மணி. மற்றதெல்லாம் பாஸ்வேர்டு, நோட்டைப் படம் எடுத்து அப்லோட் செய்வது, "கேமராவை ஆன் பண்ணு", "இன்னிக்கு எத்தனை மீதி இருக்கு?", சின்னவன் வீடியோவை நிறுத்திவிட்டு வேறு எதையாவது பார்க்கிறானா என்று எட்டிப் பார்ப்பது. "நான் டீச்சரா இருக்கலாம்னு நினைச்சேன். வாட்ச்மேனா ஆயிட்டேன்" என்றார்.

இது அவருடைய குறை அல்ல, அமைப்பின் தன்மை. வீட்டுக்கு வெளியிலிருந்து பாடம் அனுப்புவது புதிய யோசனையும் இல்லை. இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சார்லட் மேசன் 1891இல் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தபால்வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்காவின் பால்டிமோரில் கால்வர்ட் பள்ளி 1906இல் வீட்டுப் பாடங்களை அனுப்ப ஆரம்பித்தது. பருவத் திட்டம் தபாலில் வரும், வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர் நடத்துவார், விடைத்தாள் தபாலில் திரும்பும். அந்த ஏற்பாட்டில் கற்பிப்பவர் பிள்ளையின் அறையில் இருந்தார், மேற்பார்வை தூரத்தில் இருந்தது. ஆன்லைன் பள்ளியில் இது தலைகீழ். கற்பிப்பவர் தூரத்தில், மேற்பார்வை மட்டும் வீட்டில். தெரியாமல் இறங்குகிறவர்கள் அந்த மேற்பார்வை வேலையையே வீட்டுக்கல்வி என்று நினைத்துக் களைத்துப்போகிறார்கள்.

வேதபாடத்துக்கு மதிப்பெண்

வேதாகமம் அந்தப் பள்ளியில் ஒரு பாடம். அதற்கு வாராந்திரத் தேர்வு, மனப்பாட வசனத்தை டைப் செய்ய வேண்டும், கணினியே திருத்தும். மூத்தவளுக்கு 23ஆம் சங்கீதம் பாட்டி மடியில் கற்றது, வீட்டு மொழியில் தலைகீழாகச் சொல்வாள். பள்ளி கேட்டது ஒரு குறிப்பிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை, கமா முற்றுப்புள்ளி உட்பட. முதல் முறை பத்துக்கு நாலு. அடுத்த மாதத்திலிருந்து பத்துக்குப் பத்து வாங்கினாள். எப்படி என்றேன். "தேர்வுக்கு முன்னாடி பத்து நிமிஷம் காப்பி பண்ணி எழுதிப் பார்ப்பேன் டீச்சர், அப்புறம் மறந்துடும்" என்றாள், எந்தக் குற்றவுணர்வும் இல்லாமல். ஏன் இருக்க வேண்டும்? வேதியியலில் தனிம அட்டவணைக்கும் அவள் அதையேதான் செய்தாள். வேதாகமத்தை மற்றப் பாடங்களோடு வரிசையில் நிறுத்தினால் பிள்ளை அதை மற்றப் பாடத்தைப் போலத்தான் நடத்தும். ஒரு கணக்கு ஆசிரியையாக, பிள்ளைகள் என் பாடத்தை எப்படி நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியும்.

நடுவிலவனுக்கு வந்தது வேறு சிக்கல். ஒரு மாலை சாப்பாட்டு மேஜையில், "அப்பா, எனக்குக் குடுத்த ஞானஸ்நானம் செல்லாதா?" என்று கேட்டான். குடும்பம் குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபையைச் சேர்ந்தது. பள்ளியோ, விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகு எடுக்கும் முழுக்கு ஞானஸ்நானமே சரி என்று கற்பிக்கும் பின்னணி. சேரும்போது கையெழுத்திட்ட விசுவாச அறிக்கையில் இது தெளிவாகவே இருந்தது. 'கிறிஸ்தவப் பள்ளி' என்ற ஒரு சொல் போதும் என்று யாரும் முழுசாகப் படிக்கவில்லை.

அப்பாவுக்கு முதலில் கோபம், பள்ளிக்கு மெயில் எழுத உட்கார்ந்தார். அம்மாதான் தடுத்தார்: "என்னங்க, அவன் கேட்டது உங்ககிட்ட. பள்ளிக்கூடத்துக்கு எதுக்குப் பதில் எழுதறீங்க?" அன்றைக்கு இரவு அப்பாவும் பையனும் அப்போஸ்தலர் நடபடிகளை எடுத்து வைத்துக்கொண்டார்கள். எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி தண்ணீரைப் பார்த்துக் கேட்டு, இறங்கி ஞானஸ்நானம் பெறுகிறார். பதினாறாம் அதிகாரத்தில் சிறைச்சாலைக்காரனும் அவனுடைய வீட்டார் அனைவரும் அந்த இரவிலேயே பெறுகிறார்கள். ஒரு சபை முதல் பகுதியைப் பிடித்துக்கொள்கிறது, இன்னொரு சபை இரண்டாவதையும் சேர்த்துப் பார்க்கிறது, இருவருமே கர்த்தரை நேசிக்கிறவர்கள்தான் என்று அப்பா சொன்னாராம். அடுத்த ஞாயிறு போதகரிடமும் பையன் போய்க் கேட்டான். முதல் பருவத்தில் அந்த வீட்டில் நடந்த மிக நல்ல வேதபாடம் இதுதான். பள்ளியின் தவறான பொருத்தத்தால் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சிறு குறை. அன்றிரவு வசனங்களை வாசித்தது அப்பா. பையன் கேட்டுக்கொண்டிருந்தான். அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

பச்சை வட்டங்கள்

பள்ளியின் போர்ட்டலில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வட்டம் இருக்கும். எல்லாம் சரியென்றால் பச்சை, பின்தங்கினால் மஞ்சள், அப்புறம் சிவப்பு. நடுவிலவனுக்கு முதல் பருவம் முழுவதும் எல்லாமே பச்சை. ஊருக்கு ஊர் பின்தங்கிக்கொண்டே வந்த பிள்ளைக்குப் பச்சை வட்டம்! அம்மா அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். நானும் சந்தோஷப்பட்டேன்.

ஜனவரியில் வீட்டில் ஒரு மாற்றம் செய்தார்கள். இரவு ஜெபத்தை மீட்க முடியாது என்று தெரிந்ததும் காலை ஏழு மணிக்கு மாற்றினார்கள். நேர மண்டலத்தால் காலை காலியாகத்தானே இருந்தது! இது நான் சொன்ன யோசனை இல்லை, மூத்தவள் சொன்னது. ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஜெபம். அதிகாரத்தை ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்பது அவர்கள் வீட்டுப் பழைய வழக்கம்.

மூன்றாவது வாரம் நான் போயிருந்தபோது அவர்களோடு உட்கார்ந்தேன். வாசிப்பு பையனிடம் வந்ததும், "நான் ஜெபம் பண்றேன், அக்கா என்னோடதையும் வாசிக்கட்டும்" என்றான். அப்பாவின் முகத்தில் ஒரு பெருமை. அழகாக ஜெபித்தான், பெரியவர்களைப் போல. அம்மா என்னிடம் மெதுவாக, "தினமும் இப்படித்தான் டீச்சர், இவனுக்கு ஜெபத்துல ஒரு ஆர்வம்" என்றார்.

முப்பத்தொரு வருடம் வகுப்பறையில் நின்றவளுக்கு அந்த வாக்கியம் வேறு மாதிரி கேட்டது. வாசிக்கும் முறை வரும்போது கழிவறைக்குப் போகும் பிள்ளைகளை, தொண்டை வலிக்கும் பிள்ளைகளை, பென்சில் தேடும் பிள்ளைகளை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன். ஜெபிக்கும் பிள்ளையைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அன்று மதியம் அவனைத் தனியாக உட்கார வைத்து, அவன் வயதுக்குத் தக்க ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஆங்கிலத்திலும் வீட்டு மொழியிலும். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்தான். சிறிய சொற்களை விட்டுவிட்டுப் போனான். நான்கு வரி தாண்டுவதற்குள் காது சிவந்துவிட்டது. அதே பக்கத்தை நான் வாசித்துக் காட்டி, என்ன சொல்கிறது என்று கேட்டபோது, ஒரு விவரம் விடாமல் சொன்னான்.

அப்படியானால் பச்சை வட்டங்கள்? வீடியோவில் ஆசிரியர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறார், இவன் காதால் படித்துக்கொண்டான். கேள்விகள் நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை, தவறினால் மூன்று முறை முயலலாம், கடைசி மதிப்பெண்தான் கணக்கு. எழுத்து வேலையில் சொல்லச் சொல்ல டைப் செய்யும் வசதி இருந்தது. நேரடி வகுப்பில் முப்பது முகங்களில் ஒரு முகம். ஏமாற்ற வேண்டும் என்று அவன் எதையும் செய்யவில்லை. அமைப்பில் இருந்த ஒவ்வொரு வழியையும் மூளையுள்ள பிள்ளை கண்டுபிடித்தான், அவ்வளவே. அந்த அமைப்பில் வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கிற இடம் ஒன்றுகூட இல்லை. அப்படி ஓர் இடம் அவன் நாளில் காலை ஏழு மணி மேஜையில்தான் இருந்தது, அதிலிருந்தும் பக்தியின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

தகுதியுள்ள நிபுணரிடம் அழைத்துப் போய்ச் சோதித்ததில் டிஸ்லெக்சியா என்று வந்தது, அறிவுக்குறைவு இல்லாமலே எழுத்தை வாசிப்பதில் வரும் சிரமம். அம்மா அழுதார். அப்பா, "நாலு வருஷமா சோம்பேறின்னு சொல்லிட்டேனே" என்றார். பையனோ, "அப்ப நான் முட்டாள் இல்லையா?" என்று மட்டும் கேட்டான்.

இதை ஆன்லைன் பள்ளியின் தோல்வி என்று எழுதிவிட்டால் சுலபம். ஆனால் சாதாரணப் பள்ளிகள் நான்கும் இதே பிள்ளையைத் தவறவிட்டிருக்கின்றன. நான் பார்த்தது இவ்வளவுதான்: திரை வழியாக வரும் விடையைத்தான் ஆன்லைன் பள்ளியால் பார்க்க முடியும், விடை எந்த வழியாக வந்தது என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்க்கிற ஆள் வீட்டில் இருக்க வேண்டும், அவருக்கு அப்லோட் வேலை போக நேரமும் மிஞ்ச வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கணக்கு

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து, எந்தப் பாடத்துக்கு யார் பொறுப்பு என்று தாளில் எழுதினோம். அதுவரை 'பள்ளி பார்த்துக்கொள்ளும்' என்பதும் 'அம்மா பார்த்துக்கொள்வாள்' என்பதும் ஒரே பாடத்துக்கு மாறி மாறிச் சொல்லப்பட்டிருந்தன. பேச்சுவாக்கில் ஒன்று தெரிந்தது. அப்பா தன்னை ஹெட்மாஸ்டராக நினைத்துக்கொண்டிருந்தார், சனிக்கிழமை சனிக்கிழமை போர்ட்டலைத் திறந்து வட்டங்களைப் பார்ப்பதோடு சரி. உபாகமத்தைச் சொன்னவரே அவர்தான் என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே நினைவுபடுத்தினார். சிரிப்பு முழுச் சிரிப்பாக இல்லை. அன்றிலிருந்து காலை ஜெபமும் அதைத் தொடர்ந்து நாற்பது நிமிட வேதபாடமும் அப்பாவின் வேலை.

கடைக்குட்டியை ஆன்லைன் பள்ளியிலிருந்து முழுதாக எடுத்துவிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் திரை தேவையே இல்லை என்பது என் கட்சி, அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். முன்னே சொன்ன சார்லட் மேசன் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பார். வாசித்துக் காட்டியதைப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பார். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். நோவாவின் பேழைக்குள் யார் குப்பை அள்ளினார்கள் என்பது அவன் திருப்பிச் சொன்ன கதையில் பெரும்பகுதி.

நடுவிலவனுக்குக் கணக்கும் அறிவியலும் மட்டும் ஆன்லைன் பள்ளியில், இரண்டும் நேரடி வகுப்பு. வாசிப்புக்கு ஒலியையும் எழுத்தையும் கையையும் சேர்த்துப் படிப்படியாகக் கற்பிக்கும் ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறையில் பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் மூன்று நாள். பாடத்தைத் தனித்தனியாக எடுத்தால் அவன் இனி அந்தப் பள்ளியின் முழுநேர மாணவன் இல்லை, மதிப்பெண் சான்று கிடைக்காது. இந்த இழப்பைத் தெரிந்தே ஏற்றார்கள். பதினோரு வயதில் சான்றை யார் கேட்கப் போகிறார்கள்?

மூத்தவளிடம் எதிர்மாறான முடிவு. பள்ளியின் அங்கீகாரச் சிக்கல் தெரிந்த பிறகு, வெளித்தேர்வு ஒன்றை நம்புவதே பாதுகாப்பு என்று, பத்தாம் வகுப்பு அளவிலான சர்வதேசத் தேர்வான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இயைத் தனித்தேர்வராக எழுதத் தீர்மானித்தாள். தனித்தேர்வரை ஏற்கும் மையத்தைத் தேடிப் பிடிக்கவே இரண்டு மாதம் ஆனது, எல்லா மையமும் வெளியாட்களைச் சேர்ப்பதில்லை. அறிவியலில் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக 'செய்முறைக்கு மாற்று' என்று ஆறாம் தாள் உண்டு. ஒரு மணி நேரம், 40 மதிப்பெண். எழுத்துத் தேர்வுதானே என்று ஏமாறக் கூடாது. அளவுகோலை எந்தக் கோணத்தில் வாசிப்பது, எந்த அளவீட்டை ஏன் மறுபடி எடுப்பது என்று கையால் செய்தவர்களுக்குத் தெரிவதைத்தான் கேட்கிறார்கள். அதற்காக ஆறு சனிக்கிழமை என் வீட்டு மேஜை ஆய்வுக்கூடம் ஆனது.

அப்புறம் உயிரியல். பள்ளியின் பாடநூல் ஆறு நாள் சிருஷ்டிப்பைக் கற்பித்தது, பரிணாமத்தை மறுப்பதற்காக மட்டுமே குறிப்பிட்டது. தேர்வுப் பாடத்திட்டத்திலோ பரிணாமத்தை விளக்கும் 'இயற்கைத் தேர்வு' மதிப்பெண் உள்ள ஒரு பகுதி. அம்மாவுக்குப் பயம்: அதைப் படித்தால் பிள்ளை விசுவாசத்தை விட்டுவிடுவாளோ? நான் என் கருத்தை ஒளிக்கவில்லை. ஒன்றை எதிர்க்க வேண்டுமானாலும் அதை நம்புகிறவர்கள் சொல்கிறபடியே முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மனித மரபணுத் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் வெளிப்படையான கிறிஸ்தவர், பரிணாமத்தை ஏற்பவர். ஆதியாகமத்தை நேர்ப்பொருளில் எடுக்கும் விசுவாசிகளும் ஏராளம். இப்படி இரு தரப்பும் சபைக்குள்ளேயே இருக்கிறது என்று பதினைந்து வயதில் அம்மா அப்பா பக்கத்தில் இருக்கும்போது தெரிந்துகொள்வது, பத்தொன்பதில் தனியாக ஒரு விடுதி அறையில் தெரிந்துகொள்வதைவிட நல்லது என்றேன். அம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் அந்தப் பாடத்தை அவளோடு உட்கார்ந்து தானும் படித்தார்.

யாரும் கேட்காத கேள்வி

வீட்டுக்கல்வி என்றதும் எல்லோரும் கேட்பது "பிள்ளைங்க பழகறது எப்படி?" என்பது. இந்தப் பிள்ளைகளுக்குச் சபை இருந்தது, வாலிபர் கூட்டம் இருந்தது, மூத்தவளுக்கு மூன்று நேர மண்டலங்களில் தோழிகள் இருந்தார்கள். பையனுக்கு ஓடியாட ஆள் குறைவு, வாரம் இரண்டு நாள் ஒரு விளையாட்டுக் குழுவில் சேர்த்ததில் சரியானது. அது தீர்க்கக்கூடிய விஷயம்.

கிறிஸ்தவ வட்டத்தில் கேட்கத் தயங்கும் கேள்வி வேறு. பள்ளிக்குப் போகும் பிள்ளையைத் தினமும் பெற்றோர் அல்லாத சில பெரியவர்கள் பார்க்கிறார்கள். உடம்பில் காயமோ முகத்தில் வாட்டமோ இருந்தால் யாராவது கவனிப்பார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கண்கள் இல்லை. நல்ல குடும்பத்தில் இது ஒரு பொருட்டில்லை, நல்ல குடும்பமா என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினை. இந்தப் பெற்றோரிடம் நேரடியாகவே சொன்னேன்: ஒவ்வொரு பிள்ளைக்கும் உங்களை அல்லாத இரண்டு பெரியவர்களோடு தனியாகப் பேச வழி இருக்க வேண்டும். அப்பா முதலில் முகம் சுளித்தார், பிறகு பட்டியல் போட்டார். ஆன்லைன் ஆசிரியர் பிள்ளையோடு தனி உரையாடலில் பேச முடியுமா, அது பதிவாகிறதா என்றும் பள்ளியிடம் எழுதிக் கேட்டார்கள். பதில் வர மூன்று வாரம் ஆனது, வந்த பதில் திருப்தியாக இருந்தது.

இன்னொரு சின்ன விஷயம். சூசன்னா வெஸ்லியைச் சபையில் எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்தின் எப்வொர்த் குருமனையில் தினமும் ஆறு மணி நேரம் பிள்ளைகளுக்குத் தானே வகுப்பு நடத்திய தாய் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்போம். எனக்கு அதைவிடப் பிடித்தது, வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலையை அவர் தனியே ஒதுக்கி வைத்தது. வியாழக்கிழமை, பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய மகன் ஜானுக்கு. இந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். பாடம் கிடையாது, போர்ட்டல் கிடையாது, ஒரு பிள்ளையும் அம்மாவும் ஒரு மணி நேரம். மூத்தவளின் உயிரியல் குழப்பமெல்லாம் வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமையில்தான்.

இரண்டாம் வருட முடிவில்

அம்மாவை மறுபடி ஒரு வாரம் எழுதச் சொன்னேன். மொத்தம் 24 மணி நேரம், பிள்ளையோடு நேரடியாகக் கற்றது பதினொன்றரை. மூத்தவள் ஐந்து பாடம் எழுதித் தேறினாள். வேதபாடத்துக்கு இப்போது மதிப்பெண் கிடையாது, 23ஆம் சங்கீதம் வீட்டு மொழியிலேயே இருக்கிறது. குடும்பம் அடுத்த நாட்டுக்குக் கிளம்புகிறது. அங்கே வீட்டுக்கல்விக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டுமாம், அப்பா படிவத்தை எனக்கு அனுப்பி, சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார். பையனுக்கு வருங்காலத் தேர்வுகளில் கூடுதல் நேரம் கேட்பதற்கான நிபுணரின் சான்றையும் அதோடு கோப்பில் வைக்கச் சொன்னேன்.

காலை ஜெபத்தில் இப்போது வாரம் ஒருநாள் ஒவ்வொருவர் முறை. முறை உள்ளவர் தானே அதிகாரத்தைத் தேர்ந்தெடுத்து முழுவதையும் வாசிக்க வேண்டும். பையன் முதலில் வாராவாரம் 117ஆம் சங்கீதத்தையே எடுத்தான். வேதாகமத்திலேயே சிறிய அதிகாரம், இரண்டே வசனம். எல்லோருக்கும் காரணம் தெரியும், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு வாரம் அதே சங்கீதம். சின்னவனுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

போன வியாழக்கிழமை நான் விடைபெறப் போயிருந்தேன். அவன் முறை. வரிக்கு அடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு 121ஆம் சங்கீதத்தை எடுத்தான். எட்டு வசனம். இரண்டு இடத்தில் நின்றான், ஒரு சொல்லைத் தவறாக வாசித்துத் தானே திரும்பிப் போய்த் திருத்திக்கொண்டான். முடித்ததும் மூடிவைத்துவிட்டு, "இன்னிக்கு ஜெபம் வேற யாராச்சும் பண்ணுங்க" என்றான்.